அவரவர் பெயர் அவரவர் கையால்

பார்ஸ்டோ
4 பிப்ரவரி 1986

அன்புள்ள தம்பி வெண்டலுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உன் நலம் எனக்குத் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய அட்டையில் கையெழுத்தைத் தவிர ஒன்றும் இல்லை. போன் போட்டிருப்பேன். அலாஸ்காவில் உங்கள் விடுதியில் இருபது பேருக்கு ஒரு போன்; உன் முறை வந்ததும் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிக் கடையைக் கட்டிவிடுவாய். தாளில் அப்படித் தப்பிக்க முடியாது.

உன் அத்தான் லெஸ்டருக்கு முதுகுவலி. லாரியை விடமாட்டேன் என்கிறார். பிள்ளைகள் இரண்டும் வாயாடுகின்றன, அதாவது சௌக்கியம்.

விஷயம் அம்மா. நவம்பரிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் நாற்காலியில் ஊசியோடு கிடக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் நாளுக்கு நாலு கோப்பைதான். இப்போது, போதும், நிறுத்திவிடு என்கிறாள். நிறுத்தினால் பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"எதுக்குடி இந்த ஓட்டம்? யாருக்காக?" என்றாள் அம்மா. நான் இருக்கிறேன், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், வெண்டல் இருக்கிறான் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீயும் நானும் அவள் கணக்கில் சேர்த்தி இல்லை, தெரிந்ததுதானே. சின்னவன் ராய் போய் மார்ச் வந்தால் ஐந்து வருஷம். அன்றைக்கு ஓபலின் குன்றில், கல்லில் பெயர் எழுதும் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் அவள் சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கும். "போனா திரும்பி வராதே." அவனும் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டான், வாழ்க்கையில் முதல் தடவையாக.

ஒன்றே ஒன்று கேட்கிறாள். வழக்கம்போல் மார்ச்சில் குடும்பத்தோடு பாலைவனச் சுற்று. பாட்டில் தோட்டம், இரும்பு டைனோசர்கள், கடைசியில் ஓபலின் குன்று. அதற்கப்புறம் மெஷினுக்குக் கூப்பிடக் கூடாதாம். நான் என்ன செய்யட்டும்?

உன் அக்கா
நோரீன்


கோடியாக்
21 பிப்ரவரி 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானை முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் போடச் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

நண்டுப் படகிலிருந்து முந்தாநாள்தான் இறங்கினேன். கடிதத்தைப் பல தடவை படித்தேன். அம்மாவைச் சுற்றுக்குக் கூட்டிப் போ. குன்றை மட்டும் விட்டுவிடாதே. மார்ச் இருபதுக்கு முன்னால் போகவேண்டாம். அப்போதுதான் காட்டுப்பூக்கள் நன்றாகப் பூத்திருக்கும், அம்மா பார்க்கட்டும்.

அதுவரை மெஷினை நிறுத்த விடாதே. கெஞ்சியாவது கூட்டிப் போ.

தம்பி
வெண்டல்


பார்ஸ்டோ
24 மார்ச் 1986

அன்புள்ள தம்பிக்கு,

நீ உட்கார்ந்துகொண்டிருக்கிறாயா? உட்கார்ந்து படி.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பாட்டில் தோட்டத்தில் காற்று நன்றாக இருந்தது; இரும்புக் கம்பங்களில் செருகிய ஆயிரம் பாட்டிலும் சேர்ந்து ஊளையிட்டன. சின்னவள் பயந்து லெஸ்டரின் காலைக் கட்டிக்கொண்டாள். டைனோசர்களிடம் போனோம். பழைய வாஷிங்மெஷினில் வயிறு செய்த அந்தப் பெரியதைப் பார்த்து அம்மா வருஷா வருஷம் சொல்வதையே சொன்னாள், வால் கோணல் என்று. செய்தவர் வருஷா வருஷம் போல முறைத்தார். அம்மாவுக்கு அதிலே ஒரு திருப்தி. ஆனால் சாண்ட்விச்சைத் தொடவில்லை. காருக்கு நடக்கவே என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் குன்று. ஓபல் வழக்கம்போல் பெயின்ட் டப்பாக்களை வரிசையாக வைத்துக்கொண்டு, தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே கல்லில் எழுத வேண்டும். அடுத்தவர் பெயரை யாரும் எழுதக் கூடாது. அதில் அவள் எவ்வளவு கறார் என்று உனக்குத் தெரியும். பக்கவாதத்தில் கை விழுந்த அவள் புருஷனே இரண்டு எழுத்தோடு நிறுத்திவிட்டான். செத்து எட்டு வருஷமாகியும் அவள் மூன்றாவது எழுத்தைப் போடவில்லை. வெயில் இரண்டு வருஷத்தில் பெயின்டைத் தின்றுவிடும். திரும்பி வருகிறவன் பெயர் மட்டும்தான் அங்கே நிற்கும்.

நம் கற்கள் இருக்கும் இடத்துக்கு மேலே ஏறினோம். ராயின் கல் போன வருஷமே வெளிறி ஒன்றும் தெரியாமல் கிடந்தது. வெண்டல், இப்போது அதில் பளீரென்று நீல எழுத்து. ராய்.

அம்மா மண்டி போட்டுவிட்டாள். கல்லில் மூக்கை வைத்து முகர்ந்தாள். "புதுப் பெயின்ட் வாசனைடி," என்றாள். அப்புறம் அழுத அழுகையை நான் எழுத மாட்டேன். நானும் அழுதேன். லெஸ்டர்கூடத் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கீழே வந்து அம்மா ஓபலைத் துளைத்து எடுத்துவிட்டாள். எப்போ வந்தான், இளைத்திருந்தானா, தாடி வைத்திருந்தானா. போன வாரம் ஒரு சாயங்காலம் வந்தான், ஆமாம், தாடி இருந்தது என்றாள் ஓபல், டப்பா மூடியைத் தட்டிக்கொண்டே.

"அவனுக்குத் தாடியே முளைக்காதே. இப்போ முளைச்சிருச்சா?" என்று அம்மா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

திரும்பும் வழியில் இரண்டு சாண்ட்விச் தின்றாள். பார்ஸ்டோ விளக்குகள் தெரிந்ததும் அவளாகவே கேட்டாள், "செவ்வாக்கிழமை மெஷினுக்கு எத்தனை மணிக்குடி போகணும்?"

அவன் உயிரோடு இருக்கிறான், தம்பி. உடனே எழுது.

நோரீன்


கோடியாக்
27 ஏப்ரல் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே இன்னும் பனி. தாமதத்துக்கு மன்னித்துக்கொள், மீன் ஆலையில் இரட்டை ஷிப்ட்.

சந்தோஷம். அம்மா ஒழுங்காக மெஷினுக்குப் போகிறாளா? அவள் போனால் போதும். ரொம்ப ஆசையை வளர்த்துக்கொள்ள விடாதே.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

வெண்டல்


பார்ஸ்டோ
9 மே 1986

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். நிஜமாகவே நலம்.

நீ என்ன மனுஷன்? தம்பி ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருப்பது தெரிந்திருக்கிறது, அவனைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாயா? எங்கே போனான், எந்தப் பக்கம் போனான், ஒன்றும் இல்லை. ஷிப்டாம், பனியாம். அவன்மேல் உனக்கு இன்னும் கோபம் இருந்தால் அதைக் கடலில் போடு.

அம்மா ஒரு நாள்கூட மெஷினைத் தவறவிடவில்லை. நர்ஸுகளிடமெல்லாம் ராய் தாடி வைத்த கதைதான். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சோள ரொட்டி சுட்டாள். டாக்டரே என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒரே ஒரு பைத்தியக்காரத்தனம். லெஸ்டருடைய அப்பாவின் பழைய டிரெய்லரை இழுத்துப்போய்க் குன்றடியில் நிறுத்தச் சொல்கிறாள். ராய் மறுபடி வந்தால் தான் அங்கே இருக்க வேண்டுமாம். அங்கிருந்து மெஷினுக்கு இரண்டு மணி நேரம் என்றேன். "நீதான் கார் ஓட்டுவியே," என்றாள். லெஸ்டர் நாளைக்கு இழுத்துப்போகிறார். கோடை தொடங்கினால் அவளே ஓடிவந்துவிடுவாள்.

அன்புடன்
நோரீன்


பார்ஸ்டோ
8 ஜூன் 1986

வெண்டல்,

நீ நலமா? பதில் இல்லை.

அம்மா ஓடிவரவில்லை. டிரெய்லருக்குள் அடுப்பு மாதிரி இருக்கிறது. நான் வாரத்துக்கு மூன்று நாள் விடியற்காலையில் கிளம்பிப் போய் அவளை அழைத்துவந்து, மெஷினில் போட்டு, மறுபடி கொண்டுவிட்டு வருகிறேன். பள்ளிக்கூடச் சமையலறை வேலையைப் பாதி நாளாக்கிக்கொண்டேன். அதுகூடப் பரவாயில்லை. போன வியாழன் வர மறுத்துவிட்டாள். முந்தின நாள் ஒரு கார் வந்து நிற்காமல் திரும்பிப் போனதாம். அதில் அவன் இருந்திருப்பானாம்.

சனிக்கிழமை போனபோது கணுக்கால் வீங்கி விரல் வைத்தால் குழி விழுகிறது. மூச்சு வாங்குகிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை சாலையைப் பார்த்தபடி தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். அந்த வெயிலில் நாலு கோப்பைத் தண்ணீரோடு. வெண்டல், நீ வந்து சொன்னால் கேட்பாள். பெரிய பிள்ளை சொன்னால் கொஞ்சமாவது கேட்பாள்.

நோரீன்


கோடியாக்
19 ஜூன் 1986

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. அம்மாவை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிடு. கத்தினால் கத்தட்டும். அத்தானையும் கூட்டிப் போ. அங்கே உட்கார்ந்து என்ன ஆகப் போகிறது, அவன் வரமாட்டான். இந்தப் பருவம் முடியாமல் படகை விட்டு என்னால் வர முடியாது.

வெண்டல்


பார்ஸ்டோ
3 ஜூலை 1986

வெண்டலுக்கு,

அவன் வரமாட்டான் என்று எழுதியிருந்தாய். வரமாட்டான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்துக்கொண்டே செவ்வாய்க்கிழமை குன்றுக்குப் போனேன். கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். ஓபல் என்னைக் கூரைக்குப் பின்னால் கூப்பிட்டு ஓர் உறையைக் கொடுத்தாள். கோடியாக் முத்திரை, உன் கோழிக்கிறுக்கல். அம்மா சாகக் கிடக்கிறாள், ராயின் பெயரை நீல பெயின்டில் எழுதிவை, கேட்டால் வந்தான் என்று சொல், அவளை வாழவைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை என்று அவளுக்கு எழுதியிருந்தாய்.

"என் புருஷனுக்கே நான் செய்யாததைச் செஞ்சேன்," என்றாள் ஓபல். "ஒரு தாடி சொன்னேன். இப்போ தினம் காலையில எழுந்து, அவன் நடை எப்படி இருந்துச்சு, என்ன சட்டை போட்டிருந்தான்னு கேக்குறா. என்னால முடியலம்மா. நீ சொல்லிடு." அவளும் அழுதாள்.

காட்டுப்பூ பூத்திருக்கும் என்றாயே. பூவைப் பற்றி என்றைக்காவது ஒரு வார்த்தை பேசியிருக்கிறாயா நீ? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் முட்டாள், உன் கடிதத்தைப் படித்து, என் தம்பிக்கு எவ்வளவு கரிசனம் என்று பூரித்துப்போனேன்.

உன்னைத் திட்ட எனக்குத் தெம்பு இல்லை. ஒன்றை மட்டும் எழுது. ராயைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?

நோரீன்


கோடியாக்
14 ஜூலை 1986

அக்கா,

ராய் இறந்துவிட்டான். 1983 டிசம்பரில். மொன்டானாவில் ஒரு சிறிய ஊரின் சரக்கு ரயில் கொட்டகையில் குளிரில் விறைத்துக் கிடந்திருக்கிறான். கோட்டுப் பையில் என் விலாசம் இருந்ததாம். அந்த ஊர் அதிகாரி எனக்கு எழுதினார், உடலை வாங்கிக்கொள்ள யாராவது வருகிறீர்களா என்று. நான் கடலில் இருந்தேன். கடிதம் விடுதியில் ஆறு வாரம் கிடந்தது. நான் போன் செய்தபோது அவர்களே புதைத்துவிட்டிருந்தார்கள்.

உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் அம்மா குன்றில் சொன்ன வார்த்தைதான் முன்னால் வந்து நின்றது. அதைச் சொன்னவளிடம் போய் இதைச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆறு வாரம் தாமதமானது ஆறு மாதமாயிற்று. அதற்கப்புறம் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பயந்தேன். அதிகாரியின் கடிதத்தை வைத்திருக்கப் பிடிக்காமல் கடலில் போட்டுவிட்டேன்.

யாருக்காக வாழ வேண்டும் என்று அம்மா கேட்டதாக நீ எழுதினாயே, அன்றைக்குத்தான் அந்த யோசனை வந்தது. அவள் மெஷினுக்குப் போவாள் என்று மட்டுமே நினைத்தேன். அங்கே போய் உட்காருவாள் என்று நினைக்கவில்லை. நான் நினைத்திருக்க வேண்டும், அக்கா. அவள் எனக்கும் அம்மாதானே.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. அவளுக்கும் தனியாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துக் காட்டு.

வெண்டல்


பார்ஸ்டோ
4 ஆகஸ்ட் 1986

வெண்டல்,

படித்துக் காட்டினேன். ஓபலும் பக்கத்தில் நின்று, தானே எழுதியதாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அழுவாள், கத்துவாள் என்று லெஸ்டரையும் அழைத்துப் போயிருந்தேன். அம்மா கடைசி வரை கேட்டுவிட்டு, முடிந்ததா என்றாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நாம் வயிற்றுவலி என்று சொன்னால் சிரிப்பாளே, அதே சிரிப்பு.

"என்னை அந்த நாக்காலியில உக்கார வைக்கணும். அதுக்காகப் கூடப் பொறந்த தம்பியையே தாள்ல சாகடிச்சுட்டானா வெண்டல்?" என்றாள். ஓபலைப் பார்த்து, "உன்கிட்ட எவ்வளவு கெஞ்சினாங்களோ, பாவம். புருஷனுக்கே எழுதாதவ நீ, என் பிள்ளைக்கா எழுதுவே?" என்றாள். ஓபல் உறையைக் காட்டினாள். இந்த உறையை இப்போதுதான் தயார் செய்திருப்பீர்கள் என்றாள் அம்மா.

மொன்டானா மாநில மரணப் பதிவகத்துக்கு நான் எழுதியிருந்தேன். போன வாரம் பதில் வந்தது. கோட்டில் இருந்த தாளை வைத்து ராய் ஹாஸ்கெல் என்று கருதப்படும் ஆண், வயது சுமார் இருபத்தைந்து. அதையும் கொண்டுபோனேன். கருதப்படும் என்ற இடத்தில் விரலை வைத்தாள். "ராய் எத்தனை கோட்டை எத்தனை பேருக்குக் கழட்டிக் குடுத்திருக்கான், உனக்குத் தெரியாதா?" தெரியும், வெண்டல். என் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த கோட்டையே குடிகாரன் ஒருவனுக்குக் கொடுத்தவன் அவன்.

லெஸ்டர் தூக்கிக் காரில் போடவா என்று கேட்டார். சுயநினைவோடு மறுப்பவரைக் கட்டி வைத்து ஊசி போட மாட்டோம் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். மெஷினுக்குப் போய் ஆறு நாளாகிறது. நீ வருவதாக இருந்தால் பருவம் முடியும் வரை காத்திருக்காதே. வந்து என்ன செய்வாய் என்றும் எனக்குத் தெரியவில்லை. உன்னைப் பார்த்தால், இன்னொரு பொய்யோடு வந்திருக்கிறான் என்றுதான் சொல்வாள்.

அம்மா உனக்கு எழுத வேண்டும் என்று தாள் கேட்டாள். கொடுத்துவிட்டு வந்தேன்.

நோரீன்


ஓபலின் குன்று
6 ஆகஸ்ட் 1986

அன்பு மகன் வெண்டலுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். அந்தக் கடலில் நனைந்த துணியோடு நிற்காதே, சின்ன வயதிலிருந்தே உனக்குச் சளி பிடிக்கும்.

உன் கடிதம் கேட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் சாகக் கூடாது என்றுதானே இத்தனையும் செய்கிறாய். ஆனாலும் தம்பியைக் குளிரில் கிடத்தி எழுத உனக்குக் கை வந்ததே என்று கொஞ்சம் வருத்தம். நோரீனிடம் சொல்லாதே.

இங்கே வெயில் அதிகம்தான். ஓபல் கூரைக்கு ஈரச் சாக்கு போட்டுக் கொடுக்கிறாள். கால் வீங்கிவிட்டதால் அவள் புருஷனின் செருப்பைப் போட்டிருக்கிறேன். ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் உட்கார்ந்தே இருக்கிறேன். அதுவும் நல்லதுதான், சாலை தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை நோரீன் மறுபடி காரோடு வந்தாள். திருப்பி அனுப்பிவிட்டேன். போக வர நாலு மணி நேரம், நாற்காலியில் நாலு மணி நேரம். எட்டு மணி நேரம் நான் இங்கே இல்லாமல் போவேன். அவன் அந்த நேரம் பார்த்து வந்தால், வராதே என்று நான் சொன்னதை இன்னும் மனதில் வைத்திருக்கிறேன் என்றுதானே நினைத்துக்கொண்டு போவான்? அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அன்றைக்கு அம்மா தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் நீங்கள் சொல்கிற நாற்காலியில் எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்காருகிறேன்.

உன் அம்மா
மேக்சின்